முக்காலடி பைப்பும் மடக்குப் பயலும்

செவலை கன்னு போட்ட அன்னைக்கு ஐப்பசி அடைமழை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கரண்டு போயி மூணு மணி நேரம் ஆச்சு, கொட்டாய்ல மாமா டார்ச் அடிக்க, இவரு கன்னோட முன்னங்கால்ல சாக்குத்துணிய சுத்திப் புடிச்சுக்கிட்டு மாடு முக்கும்போது மட்டும் இழுக்குறாரு, நான் செவலை தலைமாட்டுல உக்காந்து தாடைய தடவிக்கிட்டு "அவ்வளவுதான்டி, அவ்வளவுதான்டி"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். மூணாவது ஈத்து. முன்ன ரெண்டும் யாரும் தொடாமலே தானா போட்ட மாடு, இந்த வாட்டி முக்கால் மணி நேரம் போராடுச்சு. கன்னு வெளிய வந்து வைக்கல்ல விழுந்ததும் மாமா டார்ச்ச வாலுக்குக் கீழ அடிச்சுப் பாத்தாரு. ஒன்னும் சொல்லல. அவரு ஒன்னும் சொல்லலன்னா காளக்கன்னுன்னு அர்த்தம்.

கெடேரியா இருந்திருந்தா அந்நேரத்துக்கே அத்தைய எழுப்பியிருப்பாங்க, மாட்டுக்கு ஆரத்திகூட சுத்தியிருப்பாங்க. எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம், மூணாறு தலைப்புல வெண்ணாறு பிரியுற இடத்துலேருந்து கொஞ்சம் உள்ள, கோரையாத்துக் கரை. ஊர்ல பாதி வீட்டுல ஜெர்சி கலப்புதான் நிக்குது. ஜெர்சி கலப்புல காளக்கன்னு பொறந்தா என்ன ஆகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. திமில் கெடையாது, நுகத்தடி எங்க நிக்கும், ஏருக்கு ஆகாது, வண்டிக்கு ஆகாது, ஜல்லிக்கட்டுக்கும் நாட்டு மாடுதான். அப்புறம் என்ன, மாடு பால் எறக்குற வரைக்கும் கன்னு உசுரோட இருந்தா போதும்னு அரை வயித்துக்கு ஊட்ட விட்டு நாலஞ்சு மாசத்துல யாவாரி வந்தா கயித்த அவுத்துக் குடுக்குறது, இல்லன்னா ஏதாவது கோயில் வாசல்ல கட்டிட்டு வந்துடுறது. நான் யாரையும் குத்தம் சொல்லல, நாங்களும் முன்ன ஒரு கன்ன அப்படித்தான் குடுத்தோம்.

செவலை நக்கி நக்கி கன்னு மேல இருந்த சவ்வெல்லாம் போயி, அது எந்திரிக்கப் பாத்துச்சு. பின்னங்கால் ரெண்டும் நல்லா ஊணுச்சு. முன்னங்கால ஊணும்போதுதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. குளம்பு தரையிலயே படல. குளம்புக்கு மேல ஒரு கணு இருக்கு பாருங்க, அந்த எடத்துல கால் உள்பக்கமா மடங்கி, குளம்போட அடிப்பக்கம் பின்னாடி வானத்தப் பாத்துக்கிட்டு நிக்க, மடங்குன கணு மேல மொத்த பாரத்தையும் போட்டு நிக்கப் பாக்குது. நம்ம கையை மடக்கி குத்து மாதிரி வெச்சுக்கிட்டு தரையில ஊணுனா எப்படி இருக்கும், அப்படி. ரெண்டு தடவ எந்திரிச்சு ரெண்டு தடவையும் மூக்கு தரையில இடிச்சு விழுந்துச்சு.

"ஊனக்கன்னு"ன்னு இவரு மெதுவா சொன்னாரு. மாமா டார்ச்ச அணைச்சுட்டாரு, பேட்டரி தீந்துடும்னு.

அத்தைக்கும் எனக்கும் முதல் சண்டை அந்த ராத்திரியே. நஞ்சுக்கொடி விழாம சீம்பால் கறக்கக் கூடாது, கன்னுக்கும் குடுக்கக் கூடாதுன்னு அத்தை. எங்க அம்மா வீட்டுலயும் இதே கததான், பல ஊர்ல இன்னும் இப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆனா எங்க பால் சொசைட்டியில ஒரு தடவ மாடு வளக்குறதப் பத்தி ஒரு கூட்டம் போட்டாங்க, அதுல சொன்னது எனக்கு மண்டையில ஏறியிருந்துச்சு: பொறந்த கன்னுக்கு நோய் எதிர்ப்பு சக்தி சுத்தமா கெடையாது, தாய்கிட்ட இருந்து வயித்துக்குள்ள வராது, சீம்பால்லதான் வரும், அதையும் கன்னோட குடல் முதல் சில மணி நேரம்தான் அப்படியே உள்ள வாங்கும், நேரம் ஆக ஆக கொறஞ்சு 24 மணி நேரத்துல கதவு சாத்துன மாதிரி நின்னுடும், அப்புறம் குடம் குடமா ஊத்துனாலும் வெறும் பால்தான். முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். "நஞ்சுக்கொடி விழ காலைல ஆறு மணி ஆனா என்னத்தை பண்றது, இது எந்திரிச்சு காம்பப் புடிக்கவும் முடியாதே"ன்னு கேட்டேன். "நீ படிச்சவ, என்னமோ பண்ணு"ன்னு படுக்கப் போயிட்டாங்க. பத்தாங்கிளாஸ்தான் நான்.

அப்ப ரப்பர் காம்பு ஒன்னும் வீட்டுல இல்ல. அத்தை மருந்து ஊத்துற மூங்கில் குழாய வெச்சுட்டுப் போயிருந்தாங்க. அதுல ஊத்தலாம்தான், ஆனா கன்னோட தலைய தூக்கிப் புடிச்சு தொண்டையில ஊத்துனா புரையேறி நொரையீரலுக்குள்ள போயிடும், அதுலயே செத்த கன்னு எத்தனையோ. அதனால ஒரு கிண்ணத்துல பீச்சி, விரல முக்கி வாயில வெச்சேன். நாக்கு சொரசொரன்னு விரலச் சுத்திப் புடிச்சு இழுத்துச்சு பாருங்க, கால்தான் மடக்கு, வாய் நல்ல வாய். விரல அப்படியே கிண்ணத்துக்குள்ள எறக்க எறக்க அதுவும் கூடவே எறங்கி குடிச்சுது. விடியறதுக்குள்ள ரெண்டு லிட்டர் கிட்ட போயிருக்கும். காலைல நஞ்சுக்கொடி விழுந்ததும் மாமா அத வைக்கல்ல சுருட்டி வாய்க்கா ஆலமரத்துல கட்டிட்டு வந்தாரு, பால் வத்தாம இருக்கணும்னு. சீம்பாலுக்கு தெருப்புள்ளைங்க கிண்ணத்தோட வந்து நின்னுச்சுங்க. கன்னுக்குப் போக மிச்சம்தான்னு சொல்லி அனுப்புனேன்.

என் பையன் ஸ்கூல் போறதுக்கு முன்னாடி கன்னப் பாத்துட்டு "அம்மா, மடக்கு சேர் மாதிரியே மடங்குதும்மா"ன்னான். அன்னையிலேருந்து அதுக்குப் பேரு மடக்கு.

டாக்டரம்மா மறுநாள் வந்தாங்க. வந்ததும் காலத் தொடல, முதல்ல தொப்புளப் பாத்தாங்க. ரெண்டு அங்குலம் விட்டு நூல் கட்டி டிஞ்சர் அயோடின் தடவியிருந்தேன், அதுக்கு ஒரு தலையாட்டு கெடச்சுது. அப்புறம் ஒவ்வொரு மூட்டா உள்ளங்கைய வெச்சுப் பாத்தாங்க. ஏம்மா அப்படின்னு கேட்டேன். கால் சரியில்லாத கன்னு எல்லாமே ஒரே வியாதி இல்லம்மா, தொப்புள் வழியா கிருமி ஏறி மூட்டுல போயி தங்குனா மூட்டு சூடா வீங்கிக் கெடக்கும், காய்ச்சல் இருக்கும், கன்னு பால் குடிக்காது, அது பொறந்து சில நாள் கழிச்சு வர்றது, அதுக்கு பத்தை, அதான் கால் மடங்காம அண்டக் குடுக்குற பட்டை, வெச்சுக் கட்டுனா கெட்டுச்சு, மருந்துதான். இது பொறக்கும்போதே வந்தது, மூட்டு குளுகுளுன்னு இருக்கு, வீக்கம் இல்ல, இது நரம்பு இழுப்புன்னாங்க. நாம நரம்புன்னு சொல்றது உண்மையில நரம்பு இல்லையாம், சதைய எலும்போட கட்டுற தசைநாண். கன்னு பெருசு, 30 கிலோ தாராளமா இருக்கும், ஜெர்சி கலப்புக்கு அது ஜாஸ்தி, கடைசி ரெண்டு மாசம் வயித்துக்குள்ள கால நீட்ட எடமில்லாம மடக்கியே வெச்சிருந்ததுல பின்பக்க நாண் நீளாம குட்டையா நின்னுடுச்சு. காளக்கன்னு பெருசா இருக்கறதால அதுல இது அதிகம் வரும்னாங்க.

அப்புறம் ஒன்னு செஞ்சாங்க, அதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. கன்ன படுக்கப் போட்டு, ஒரு கையால முட்டிய புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால குளம்ப மெல்ல மெல்ல முன்னாடி இழுத்தாங்க. வலது கால் ஏறக்குறைய நேரா வந்துடுச்சு. இடது கால் முக்கால்வாசி வந்து நின்னுச்சு, அதுக்கு மேல தோலுக்கு அடியில கயிறு மாதிரி ஒன்னு விண்ணுன்னு நிக்குது, என் விரல எடுத்து அது மேல வெச்சுக் காட்டுனாங்க, வீணைத் தந்தி மாதிரி. "கையால இழுத்தா இவ்வளவு தூரம் வருதுல்ல, அப்ப வந்துடும்"னாங்க. சுத்தமா வரலன்னா ஒரத்தநாடு வெட்னரி காலேஜுக்கு குட்டியானையில ஏத்திட்டுப் போகணும், நாண வெட்டி விடுற ஆபரேஷன்தான். ஆன்டிபயாட்டிக் ஊசியிலயே ஒன்னு இருக்காம், அளவு கூட்டிப் போட்டா நாண் இளகும், ஆனா கிட்னிக்கு ஆகாது, கன்னு குடிக்கிற தண்ணி கம்மியா இருந்தா இன்னும் மோசம், அதனால அது டாக்டர் பாத்து முடிவு பண்ண வேண்டியது, மருந்துக்கடையில வாங்கி நாமளே குத்துறது இல்ல. நமக்கு அது தேவப்படல.

ரெண்டு நாள் கட்டு வேணாம், தேய்ச்சு நீட்டி விடுங்க, வழுக்காத தரையில நாளைக்கு நாலஞ்சு தடவ நிக்க வைங்க, லேசா இருந்தா தானா சரியாகும்னு சொல்லிட்டுப் போனாங்க. வழுக்காத தரைக்கு எங்க போறது? கொட்டாய்ல சிமெண்ட் தரை, மழையில பாசி வேற. மணல் கொட்டலாம்னா, கேக்கவே சிரிப்பா இருக்கு, ஆத்தங்கரையில குடியிருக்கோம், ஒரு தட்டு மணலுக்கு வழி கெடையாது, எல்லாம் லாரி ஏறிப் போயாச்சு. ரைஸ்மில்லுல நாலு மூட்டை உமி வாங்கியாந்து ஒரு மூலையில கனமா பரப்பி அதுக்கு மேல சாக்கும் வைக்கலும் போட்டோம். தேங்கா எண்ணெய் தொட்டு காலையிலயும் சாயங்காலமும் கால நீட்டி விட்டேன். வலது காலுக்கு கொஞ்சம் கேட்டுச்சு. இடதுல ஒன்னும் நடக்கல, மடங்குன எடத்துல தோல் தேஞ்சு செவக்க ஆரம்பிச்சுது. அங்க தோல் போயி மூட்டு தெரிஞ்சா கத முடிஞ்சுதுன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போன் போட்டேன், பைப்பு கட்டிடலாம்னாங்க.

பத்தைன்னா மூங்கில்னுதான் நான் நெனச்சேன். இல்ல, பிவிசி பைப்பு. மோட்டார் கொட்டாய்ல பழைய மூணு அங்குல பைப்பு ஒன்னு கெடந்துச்சு, மாமா அத முக்காலடிக்கு அறுத்து நெடுக்குவாட்டுல ரெண்டா பொளந்தாரு, பாதி மூங்கில் மாதிரி ரெண்டு. முட்டிக்குக் கீழ ஆரம்பிச்சு குளம்பு வரைக்கும் வரணும், முட்டிக்கு ஏறிடுச்சுன்னா கன்னு படுத்து எந்திரிக்க முடியாது. ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருந்துச்சு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, அடுப்புல லேசா காட்டி முனைய வெளிப்பக்கமா வளைச்சு விட்டாரு. முதல்ல காலச் சுத்தி பஞ்சு, பஞ்சுன்னா கஞ்சத்தனம் பண்ணாம ஒரு சுருள் முழுசா, குளம்புக்கு மேல, முட்டிக்கு அடியில ரெண்டு எடத்துலயும் கூடுதலா. அதுக்கு மேல பைப்ப காலோட பின்பக்கம் வெச்சு, கால நீட்டிப் புடிச்சுக்கிட்டு, கிரேப் பேண்டேஜ் கீழேருந்து மேல சுத்தணும். ஒருத்தரால ஆகாது. இவரு கன்ன மடியில போட்டு புடிச்சுக்குவாரு, நான் கால நீட்டுவேன், மாமா சுத்துவாரு. இடது கால் முழுசா நீளலன்னா முரட்டுத்தனமா நீட்டிக் கட்டக் கூடாது, வர்ற அளவுக்குக் கட்டி, ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.

முதல் தடவ கட்டி எந்திரிக்க வெச்சப்ப மடக்கு பொம்மலாட்டம் மாதிரி நாலு காலையும் பரப்பிக்கிட்டு நின்னுச்சு. நடுங்குச்சு. நடக்கத் தெரியல. ஆனா குளம்பு தரையில, அடிப்பக்கம் தரையில. செவலை கழுத்த நீட்டி அந்தப் பைப்ப மோந்து பாத்து, புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுட்டு, கன்னோட முதுக நக்க ஆரம்பிச்சுது. அது ஆடி ஆடிப் போயி மடியில முட்டுச்சு. அன்னைக்குத்தான் முதல் தடவ தானா நின்னு பால் குடிச்சுது, அதுவரைக்கும் பாட்டில்தான்.

இதுக்கு அப்புறம்தான் நான் தப்பு பண்ணேன். தெனமும் அவுத்து தோலப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு, மறுபடி கட்டணும்னு தெளிவா சொல்லியிருந்தாங்க. எட்டாவது நாள் மழை வெளுத்து வாங்குது, வயல்ல சம்பா நடவு முடிஞ்ச கையோட தண்ணி நிக்குது, வடிகால் வெட்ட எல்லாரும் போயாச்சு, நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டேன். மறுநாளும் அப்படியே போச்சு. மூணாவது நாள் காலைல பால் பீச்ச உக்காந்தப்ப ஒரு நாத்தம். செத்த எலியோன்னு தேடுனேன். மடக்கோட இடது கால்லேருந்து வருது. அவுத்துப் பாத்தா பஞ்சு ஈரத்துல நனைஞ்சு கல்லு மாதிரி இறுகி, பைப்பு முனை பட்ட எடத்துல அஞ்சு ரூபா காசு அளவுக்கு தோல் உரிஞ்சு வெள்ளையா புண்ணு. அது கத்தக்கூட இல்ல, கால மட்டும் இழுத்துக்கிச்சு. நான் உக்காந்து அழுதுட்டேன். டாக்டரம்மா போன்ல திட்டுனது இன்னைக்கும் காதுல இருக்கு, அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு, எந்திரிக்க முடியாம செத்த கன்னவிட பைப்பு கட்டிக் கொன்ன கன்னுதான் அதிகம்மான்னாங்க.

நாலு நாள் அந்தக் காலுக்கு கட்டு இல்ல. பொட்டாசியம் பர்மாங்கனேட் வெளிறுன ரோஸ் கலர்ல கரைச்சு கழுவி, அவங்க குடுத்த களிம்ப போட்டு, ஈ ஒக்காராம இருக்க புண்ணச் சுத்தி மட்டும் வேப்பெண்ணெய் தடவுனேன். மறுபடி கட்டும்போது பஞ்ச வளையம் மாதிரி சுருட்டி, புண்ணு நடு ஓட்டையில வர்ற மாதிரி வெச்சுக் கட்ட சொல்லிக் குடுத்தாங்க, சும்மாடு மாதிரி. அதுக்கு அப்புறம் பகல்ல கட்டு, ராத்திரி அவுத்து விட்டுடறது. மழையோ வெயிலோ, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் என்ன வேலையில இருந்தாலும் விட்டுட்டு வந்து அவுத்துடுவேன்.

நடுவுல கழிச்சல் வேற. பாவம் பாவம்னு அத்தையும் (ஆமா, அதே அத்தைதான்) எனக்குத் தெரியாம மத்தியானம் ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா குடுத்திருக்காங்க. உடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் நாளைக்குப் பால், 30 கிலோ கன்னுக்கு 3 லிட்டர், அத மூணு வேளையா பிரிச்சு. இது நாலரை போயிருக்கு. ஓஆர்எஸ் தண்ணி குடுத்து, பால கொறச்சு கொறச்சு அடிக்கடி குடுத்து, பூச்சி மருந்தும் ஊத்தி, மூணு நாள்ல நின்னுச்சு. அவ்வளவுதான் அந்தக் கத.

இந்த 3 லிட்டர்தான் வீட்டுல பெரிய கணக்கு. சொசைட்டியில பசும்பால் வாங்குற விலைய லிட்டர் 35லேருந்து 38 ஆக்குனது 2023 டிசம்பர்ல, கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு போக பால்ல இருக்குற மத்த சத்து) பாத்து கைக்கு வர்றது முன்னப்பின்ன இருக்கும், 38னே வெச்சுக்குங்க, நாளைக்கு 114 ரூபா மடக்கு வயித்துக்குள்ள. ரெண்டு மாசத்துக்கு 6,840. இவரு ஒரு நாள் காலண்டர் தாள் பின்னாடி எழுதி கூட்டிப் பாத்து, ஒன்னும் சொல்லாம சாமி ரூம் ஆணியில மாட்டி வெச்சுட்டாரு, நான் பாக்கணும்னு. அப்பதான் யாவாரி வந்தாரு. பைப்பு கட்டுன கால குனிஞ்சு பாத்துட்டு "இத வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க, ஐநூறு தாரேன், உங்களுக்கும் தொல்ல இல்ல"ன்னாரு. நான் அத்தையப் பாத்தேன், அத்தை மாமாவப் பாத்தாங்க, மாமா வாய்க்காவப் பாத்தாரு.

உண்மையச் சொல்லணும்ல. நான் அன்னைக்கு வேணாம்னு சொன்னது பாசத்துல மட்டும் இல்ல. செவலை கன்னு தலைமாட்டுல நிக்காம சொரப்பு விடாத மாடு. கன்னு போச்சுன்னா பாலும் போச்சு. அந்தக் காலத்துல கன்னு செத்தா தோல உரிச்சு வைக்கோல் அடைச்சு மாட்டு முன்னாடி நிறுத்துவாங்க, தாய் அத நக்கிக்கிட்டே பால் எறக்கும். அத்தை அவங்க சின்ன வயசுல பாத்திருக்காங்களாம், ஒரு கண்ணு பிஞ்சு வைக்கோல் வெளிய தெரியும், மாடு அந்த வைக்கோலையே மெல்ல ஆரம்பிச்சிடும்னு சொல்லுவாங்க. எனக்கு அத நெனச்சாலே ராத்திரி தூக்கம் வராது. "உசுருள்ள கன்னு நிக்கும்போது ஐநூறுக்கு எதுக்குங்க"ன்னு யாவாரிகிட்ட சொன்னது அத்தைதான். பாசமா கணக்கான்னு கேட்டா ரெண்டும்தான்.

மாமாதான் யாரும் எதிர்பாக்காத மாதிரி மடக்கு மேல ஒட்டிக்கிட்டாரு. அவரு வயசுல ரெண்டு ஜோடி உம்பளச்சேரி வெச்சிருந்தவரு. உம்பளச்சேரின்னா தெரியாதவங்களுக்கு: தலைஞாயிறு பக்கத்துல ஒரு ஊரு, அந்த ஊர் பேர்லயே ஒரு மாட்டு எனம், தெக்கத்தி மாடு, மோழை மாடு, மொட்டை மாடுன்னும் சொல்லுவாங்க, காளைக்கு கொம்ப கருக்கிடறதால. பொறக்கும்போது செவப்பா பொறந்து, ஆறேழு மாசத்துல கருஞ்சாம்பலா மாறும், நெத்தியில வெள்ளைப் பொட்டு, கால் கீழ வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. முழங்கால் சேத்துல நாள் பூரா தொளி அடிக்கிறதுக்குன்னே உருவான மாடு. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில கவர்மெண்ட் பண்ணையில அந்த எனத்த வெச்சு காப்பாத்துறாங்க. இப்ப எங்க ஊர்ல ஒரு ஜோடி கெடையாது, டிராக்டரும் பவர் டில்லரும்தான். மாமா மடக்கோட கால புடிச்சுக்கிட்டு அந்த மாடுங்க கதையெல்லாம் சொல்லுவாரு, அதுகிட்டயே சொல்லுவாரு, எங்ககிட்ட இல்ல. "உம்பளச்சேரிக் கன்னு பொறந்த அரை மணியில ஓடும்டா, நீ என்னடான்னா பைப்பு போட்டுக்கிட்டு நிக்கிற"ன்னு திட்டிக்கிட்டே பஞ்சு சுத்துவாரு. காளக்கன்னுக்கு மரியாதை இருந்த காலத்த பாத்த மனுஷன், இப்படி ஒரு காளக்கன்னு யாருக்கும் வேண்டாததா கெடக்குறது அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் கேட்டதில்ல.

வலது கால் மூணு வாரத்துல சரியாச்சு, கட்டு வேணாம்னு விட்டோம். இடது கால் இழுத்துக்கிட்டே போச்சு. கார்த்திகை கடைசியில ஒரு நாள் மழை விட்டு வெயில் அடிச்சுது. கொட்டாய்க்கும் வாய்க்காலுக்கும் நடுவுல எங்க களிமண்ணு தரை, மழை பேஞ்சு ரெண்டு நாள்ல அல்வா பதத்துக்கு வந்து நிக்கும், எது மிதிச்சாலும் அச்சு மாதிரி பதியும். முன்னாடியெல்லாம் மடக்கு நடந்த எடத்துல இடது பக்கம் ஒரு வழிச்ச கோடு இருக்கும், உருண்டையா ஒரு பள்ளம், அவ்வளவுதான். அன்னைக்கு சாயங்காலம் கட்டு அவுத்து விட்டுட்டு சாணி அள்ள கூடைய எடுத்துட்டு வந்தப்ப தரையப் பாத்தேன். குளம்புத் தடம். ரெண்டா பிரிஞ்சு, முனை கூரா, நடுவுல கோடு விழுந்து, கன்னுக்குட்டி குளம்பு எப்படி பதியணுமோ அப்படி. ஒன்னு கொஞ்சம் சாஞ்சு இருந்துச்சு. அடுத்தது நேரா. நான் கூடைய கீழ வெச்சுட்டு ஒவ்வொன்னா எண்ணிக்கிட்டே வாய்க்கா வரைக்கும் போனேன், இடது கால் தடம் மட்டும், பதினேழு. ஒரு எடத்துலகூட மடங்கல. மாமாவ கூப்ட்டுக் காட்டுனேன். குனிஞ்சு பாத்தாரு, விரல விட்டு ஆழம் பாத்தாரு. "பின் குதியில பாரம் கம்மியாத்தான் போடுறான், இன்னும் ஒரு வாரம் கட்டு"ன்னாரு.

ஒரு வாரம் கட்டுனோம். பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போடும்போது மடக்குக்கும் ஒரு நெட்டி மாலை, அது அத தின்னுடுச்சு.

இப்ப ஏழு மாசம் தாண்டிடுச்சு. மேட்டூர் தண்ணி வரும்னு குறுவைக்கு நாத்தங்கால் தயார் பண்ணிக்கிட்டு இருக்கோம். இடது கால் உத்துப் பாத்தா மட்டும் லேசா நிமிந்த மாதிரி தெரியும், ஓட்டத்துல தெரியாது, ஓட்டம்னா சாதாரண ஓட்டம் இல்ல, பக்கத்து வீட்டு உளுந்து காயப்போட்ட படுதா மேல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து நிக்குது, நான் போயி மன்னிப்பு கேட்டுட்டு வர்றேன். இவன என்ன பண்றதுங்கறது இன்னும் முடிவாகல. அதே யாவாரி ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாரு, இப்ப ஐநூறு பேச்செல்லாம் இல்ல. இவரு குடுத்துடலாம்ங்கறாரு, தீனிச் செலவ சொல்றாரு, அவரு சொல்றதும் பொய்யில்ல. மாமா காதுல விழாத மாதிரி எந்திரிச்சுப் போயிடுறாரு. நான் குறுவை முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். குறுவை முடிஞ்சா சம்பா முடியட்டும்பேன்னு அத்தை கேலி பண்றாங்க. செவலைக்கு இந்த வாட்டி பொட்டக்கன்னு ஊசிதான் போட்டோம், பத்துக்கு ஒன்பது கெடேரி விழும்னு சொல்ற ஊசி, விலை கூடத்தான், ஆனா பொறந்தப்புறம் என்ன பண்றதுன்னு முழிக்கிறதுக்கு பொறக்காம இருக்கறது மேலுன்னு எனக்குத் தோணுச்சு. மடக்கு முன்னாடி நின்னு இத எழுத கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

போன வாரம் கீழத்தெருவுலேருந்து ஒரு அக்கா வந்துச்சு, விடியக்காலைல, தலைகூட வாராம. நேத்து ராத்திரி கன்னு போட்டுச்சாம், முன்னங்கால் ரெண்டும் உங்க வீட்டுக் கன்னு மாதிரியே மடங்கிக் கெடக்காம், அந்தப் பைப்பு இருக்கா, குடுக்குறியான்னு கேட்டுச்சு.

"காளயாக்கா?"

"இல்லடி, கெடேரி. மாட்டு ஆம்புலன்ஸுக்கு, 1962க்கு, போன் போட்டாச்சு, வண்டி வருது, அதுக்குள்ள உங்கிட்ட கேட்டு வெச்சுக்கலாம்னு அவரு தொரத்துனாரு."

கெடேரின்னா ஆம்பளைங்க தொரத்துறாங்க பாத்தீங்களா. சரி, அத விடுங்க. கொட்டாய் வரிச்சியில சொருகி வெச்சிருந்த பைப்பு ரெண்டையும் எடுத்து, ஒட்டடை தட்டிக் குடுத்தேன். மூட்டத் தொட்டுப் பாத்தியா, சூடா இருக்கா, சீம்பால் உள்ள போச்சா, டாக்டர் பாக்காம கட்டாத, கட்டுனா தெனம் சாயங்காலம் அவுத்தே ஆகணும், மழை வந்தாலும் அவுக்கணும், நாத்தம் வந்தா அன்னைக்கே ஓடியான்னு நான் சொல்லச் சொல்ல அக்கா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு, காதுல ஏறுதான்னு தெரியல, நாமளும் பின்னாடியே போயிடலாம்னு முந்தானைய சொருகிக்கிட்டேன்.

திண்ணையில உக்காந்திருந்த மாமா கைய நீட்டி ஒரு பைப்ப வாங்கி, முழங்கையோட வெச்சு அளந்து பாத்தாரு.

"கன்னு எம்மாம் பெருசு?"

"சின்னதுதாங்க, உங்க மடக்கு பொறந்தப்ப இருந்ததுல பாதி எடை இருந்தா அதிகம்."

"அப்ப இது முட்டிக்கு ஏறிடும்"னு சொல்லிட்டு, மாமா ரம்பத்தத் தேடி எந்திரிச்சாரு.